குதிரை மாற்றும் முன்: ஒரு பேஸ் கிட்டாரின் பிரிட்ஜ் தேர்வு

விசிட்டிங் கார்டு ஒன்றை எடுத்து, பேஸ் கிட்டாரின் உடலில் தந்திகளைத் தாங்கி நிற்கும் பிரிட்ஜின் பின்விளிம்புக்கு அடியில் மெல்லச் செருகிப் பார்த்தேன். தடையே இல்லாமல் ஒரு விரல் அகலத்துக்கு உள்ளே போய்விட்டது. ஐந்து திருகுகளின் பிடியில் மரத்தோடு ஒட்டிக் கிடக்க வேண்டிய இரும்புத் தகடு அது. தந்திகள் இழுத்த இழுப்பில் முன்பக்கம் அமுங்கி, பின்பக்கம் கண்ணுக்குத் தெரியாத அளவுக்குத் தூக்கிக்கொண்டிருந்தது.

கிட்டாரைக் கொண்டுவந்த இளைஞர் எதிரே உட்கார்ந்திருந்தார். மடியில் ஒரு புதிய அட்டைப்பெட்டி. அதற்குள் கறுப்புப் பூச்சுடன் கையில் எடுத்தாலே கனம் தெரியும் ஒரு வார்ப்பு பிரிட்ஜ். “அண்ணா, இதை மாட்டிக் கொடுங்கள். கார்வை நிற்கவே மாட்டேன் என்கிறது” என்றார். மேடையில் வாரந்தோறும் வாசிப்பவர். காது நல்ல காது. அவர் சொன்ன மூன்று குறைகளும் உண்மையில் இருந்தன. ஆனால் மூன்றுக்கும் ஒரே காரணம் என்று அவர் நம்பியதுதான் பொருந்தவில்லை.

ஃபெண்டரின் ஜாஸ் பேஸ் என்ற மாடலின் வடிவத்தில் செய்யப்பட்ட நான்கு தந்திக் கருவி. 34 அங்குல அளவு, அதாவது நட்டிலிருந்து (தலைப்பக்கம் தந்தி உட்காரும் துண்டு) சாடில் (பிரிட்ஜில் தந்தி உட்காரும் துண்டு) வரை கணக்குப்படி 863.6 மி.மீ. நெக், அதாவது விரல்பலகை இருக்கும் கழுத்து, உடலோடு போல்ட்டால் இணைந்தது. இருபது வருடம் உழைத்த கருவி, இவர் கைக்கு இரண்டாவதாக வந்தது. இதில் என்ன பார்த்தோம், எதை மாற்றினோம், எதை மாற்றாமல் விட்டோம் என்பதை முழுவதுமாகப் பதிந்து வைக்கிறேன். பிரிட்ஜ் மாற்ற நினைக்கும் பலர் இதே இடத்தில்தான் தொடங்குகிறார்கள், கையில் புதுப் பெட்டியோடு.

மூன்று குறைகள்

முதல் குறை, நான்கில் மெல்லிய ஜி தந்தியில் ஆறாவது ஃப்ரெட்டில் (வீணையின் மெட்டு போன்றது) வரும் சி ஷார்ப் சுரம் மீட்டிய வேகத்தில் அடங்கிவிடுகிறது. பக்கத்து ஃப்ரெட்டுகள் ஐந்தாறு விநாடி ஒலித்தால் இது இரண்டு விநாடிகூட நிற்பதில்லை. இரண்டாவது, மிகத் தடித்த ஈ தந்தியை எங்கும் அழுத்தாமல் மீட்டினால் அடியிலிருந்து கிர்ரென்று ஒரு நடுக்கம். மூன்றாவது, மேல் ஃப்ரெட்டுகளில் ஜி தந்தியை இழுத்து வாசிக்கும்போது அது விரல்பலகையின் ஓரத்தைத் தாண்டி வழுக்கிவிடுகிறது.

நடுக்கத்தைக் கண்டுபிடிப்பது எளிது. இடது கையால் ஈ தந்தியை மீட்டிக்கொண்டே வலது கையின் சுட்டுவிரல் நுனியை பிரிட்ஜின் ஒவ்வொரு ஸ்ப்ரிங்கிலும், ஒவ்வொரு திருகின் தலையிலும் வைத்துப் பார்த்தேன். ஈ சாடிலின் உள்பக்க உயரத் திருகைத் தொட்டதும் சத்தம் நின்றது. ஆலன் சாவியைப் போட்டுத் திருப்பினால் திருகு எந்தப் பிடியும் இல்லாமல் சுற்றிக்கொண்டே இருந்தது. சாடிலின் மரை தேய்ந்துவிட்டது. சாடில் ஒற்றைக் காலில் நின்றுகொண்டு, மறு காலை மீட்டும் போதெல்லாம் தகட்டில் தட்டிக்கொண்டிருந்தது. எட்டு உயரத் திருகுகளில் மூன்று இந்த நிலை. ஆக, இந்தக் குறை பிரிட்ஜினுடையதுதான்.

வழுக்கும் ஜி தந்திக்கு வெர்னியர் அளவுகோல் தேவைப்பட்டது. 20-ஆவது ஃப்ரெட்டில் விரல்பலகையின் அகலம் 60 மி.மீ. ஈ தந்தியின் நடுவிலிருந்து அதன் பக்க ஓரம் வரை 7.5 மி.மீ. இருந்தது. ஜி தந்திக்கு 3.5 மட்டுமே. தந்திகள் மொத்தமாக ஒரு பக்கம் சாய்ந்திருக்கின்றன. இதற்கு பிரிட்ஜைக் குற்றம் சொல்வதற்கு முன்னால் நெக்கைப் பார்க்க வேண்டும். தந்திகளைச் சற்றே தளர்த்தி, நெக்கின் நான்கு போல்ட்டுகளையும் அரைச் சுற்று தளர்த்தி, தலைப்பகுதியை ஈ தந்திப் பக்கமாக உறுதியாக இழுத்துப் பிடித்து மீண்டும் இறுக்கினேன். நெக் குழியில் இருந்த அரை மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி, நட்டின் பக்கம் போகும்போது சுமார் 3 மி.மீ. நகர்வாகிறது. 20-ஆவது ஃப்ரெட்டில் அது ஒரு மில்லிமீட்டராகக் கிடைத்தது. ஈ 6.5, ஜி 4.5. செலவே இல்லாமல் பாதிக் குறை தீர்ந்தது.

மீதிப் பாதி சாடிலில் இருந்தது. பழைய சாடில்கள் வழவழப்பான உருளைகள். அவற்றைப் பக்கவாட்டில் நகராமல் பிடித்துவைக்கத் தகட்டில் எதுவும் இல்லை. ஜி சாடில் வருடக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாக வெளிப்பக்கம் ஒதுங்கி 1.5 மி.மீ. போயிருந்தது. தகட்டில் துருப் படியாத பளபளப்பான தடம் ஒன்று அது முன்பு எங்கே நின்றது என்று காட்டிக்கொடுத்தது.

இங்கே நான் செய்த ஒரு தவறையும் சொல்லியாக வேண்டும். முதலில் சாடில்களின் மேலேயே அளந்து, ஈ தந்தியிலிருந்து ஜி தந்தி வரை 58.5 மி.மீ., ஆக ஒரு தந்திக்கும் அடுத்ததற்கும் 19.5 மி.மீ. என்று குறித்துக்கொண்டேன். இடம்பெயர்ந்த சாடிலை வைத்து எடுத்த அளவு அது. அதை நம்பி வாங்கியிருந்தால் தேய்மானத்தையே புதிய பிரிட்ஜில் நிரந்தரமாக்கியிருப்பேன். தந்திகளுக்கு அடியில் இருந்து ஒலியை எடுக்கும் பிக்கப்பைப் பார்த்ததும் விழித்துக்கொண்டேன். ஜாஸ் பேஸ் பிக்கப்பில் ஒவ்வொரு தந்திக்கும் இரண்டு காந்தத் துருவங்கள் உண்டு. தந்தி அவற்றுக்கு நடுவில் போக வேண்டும். மூன்று தந்திகள் சரியாக நடுவில் போயின. ஜி மட்டும் வெளித் துருவத்தின் தலைமேல் உட்கார்ந்திருந்தது. அதை நடுவுக்குக் கொண்டுவந்து அளந்தால் 57 மி.மீ., தந்திக்குத் தந்தி 19. இந்த வடிவக் கருவிகளில் பெரும்பாலும் காணப்படும் முக்கால் அங்குல இடைவெளி அதுதான்.

அடங்கிப்போகும் சுரம்

கனமான பிரிட்ஜ் வாங்கத் தூண்டியது இந்தக் குறைதான் என்பதால் இதில் கூடுதல் நேரம் செலவழித்தேன்.

வீணையில் நாம் குதிரை என்று சொல்லும் பாகம்தான் இங்கே பிரிட்ஜ். ஆனால் வேலை வேறு. வீணையில் குதிரை தந்தியின் அதிர்வை வாங்கி மரத்துக்குக் கொடுத்து, குடத்தை ஒலிக்க வைக்க வேண்டும். எலெக்ட்ரிக் பேஸில் ஒலியை எடுப்பது பிக்கப்பின் காந்தம். அதிர்வு தந்தியிலேயே தங்கினால்தான் கார்வை நிற்கும். மரத்துக்குள் போனது போனதுதான். ஆகவே தந்தியின் இரு முனைகளும் எவ்வளவு அசையாமல் நிற்கின்றனவோ அவ்வளவு நல்லது. கனமான பிரிட்ஜ் நல்லது என்ற எண்ணம் பிறந்தது இதிலிருந்துதான். அந்த எண்ணத்தில் பிழை இல்லை. ஆனால் பிரிட்ஜ் பொருத்தப்பட்டிருக்கும் இடம் நான்கு கிலோ கருவியிலேயே மிகவும் தடித்த மரக்கட்டை. அது ஏற்கெனவே அசைய மறுக்கும் முனை. மறுமுனையில் இருக்கும் நெக் நீளமானது, மெலிந்தது, நுனியில் நான்கு கனத்த டியூனர்களைச் சுமப்பது. அதற்கென்று சொந்தமாக அதிரும் வேகம் உண்டு. ஏதாவது ஒரு சுரம் அந்த வேகத்தோடு ஒத்துப்போனால் நெக் அந்தச் சுரத்தின் சக்தியை உறிஞ்சிக்கொள்ளும். ஜி தந்தியில் ஐந்துக்கும் ஏழுக்கும் இடையிலான ஃப்ரெட்டுகளில் பல பேஸ் கிட்டார்களுக்கு இப்படி ஒரு செத்த இடம் இருப்பது இதனால்தான்.

இதைக் கருவியின் சொந்தக்காரர் கண்ணெதிரே காட்ட ஒரு சோதனை போதும். மரவேலைக்கு வைத்திருக்கும் சின்னக் கிளாம்ப் ஒன்றை, துணி சுற்றி, தலைப்பகுதியின் நுனியில் மாட்டினேன். இப்போது ஆறாவது ஃப்ரெட்டை வாசிக்கச் சொன்னேன். சி ஷார்ப் நின்று ஒலித்தது. அவர் முகம் மலர்ந்தது. ஐந்தாவது ஃப்ரெட்டுக்குப் போனார். சி சுரம் பொத்தென்று விழுந்தது. நுனியில் எடை கூடியதும் நெக்கின் அதிர்வு வேகம் குறைந்து, செத்த இடம் ஒரு ஃப்ரெட் கீழே இறங்கிவிட்டது. கிளாம்பைக் கழற்றினால் மறுபடி ஆறாவது. பிரிட்ஜை யாரும் தொடவே இல்லை.

“அப்படியென்றால் இது வீண்தானா?” என்று பெட்டியைக் காட்டினார். அதை மாட்டிப் பார்க்காமல் தீர்ப்புச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கனமான பிரிட்ஜால் எதுவும் கூடாது என்று சொல்பவர்களும் சரி, எல்லாம் கூடும் என்று சொல்பவர்களும் சரி, ஒரே கருவியில் ஒரே தந்தியோடு இரண்டையும் அடுத்தடுத்துக் கேட்டிருப்பது அரிது. பழைய பிரிட்ஜைக் கழற்றும்போதே பழைய தந்தியையும் கழற்றி எறிந்துவிட்டு, புதுப் பிரிட்ஜோடு புதுத் தந்தி மாட்டி, “ஒலி எவ்வளவு தெளிவு பாருங்கள்” என்பார்கள். அந்தத் தெளிவு புதுத் தந்தியினுடையது.

மூன்று பதிவுகள்

வந்த நிலையில் வந்தபடியே முதல் பதிவு. ஆம்ப்ளிஃபையர் இல்லாமல் கிட்டாரிலிருந்து நேராகக் கணினிக்கு. தந்திகளை அழுத்தாமலும், ஐந்து, ஆறு, ஏழாவது ஃப்ரெட்டுகளிலும், ஒவ்வொன்றையும் பத்துப் பத்து முறை, ஒரே பிக்கால், ஒரே இடத்தில் மீட்டினேன்.

பிறகு பிரிட்ஜைக் கழற்றினேன். ஐந்து திருகுகளில் இரண்டின் துளைகள் நைந்து பொடி உதிர்ந்தன. நான்கு தந்திகளும் சேர்ந்து ஏறக்குறைய 70 முதல் 80 கிலோ எடைக்குச் சமமாக இழுக்கும்போது அதைத் தாங்கியது மூன்று திருகுகள்தான். நைந்த துளைகளில் மரப்பசை தோய்த்த பல்குத்தும் குச்சிகளை அடைத்து, ஒரு நாள் முழுக்கக் காயவிட்டு, சீராக வெட்டி, 2.5 மி.மீ. பிட்டால் புதிதாகத் துளையிட்டேன். பழைய பிரிட்ஜையே திரும்ப வைத்து இறுக்கினேன். தேய்ந்த உயரத் திருகுக்கு அடியில் பித்தளைத் தகட்டுத் துண்டு வைத்து நிற்க வைத்தேன். அதே பழைய தந்திகள். இரண்டாம் பதிவு.

மூன்றாவதாக, பெட்டியிலிருந்த கனமான பிரிட்ஜ். நல்லவேளையாக ஐந்து துளைகளும் பொருந்தின. பழையது தராசில் 210 கிராம், இது 430. அதே தந்திகள், அதே மீட்டல்.

அவரைச் சுவரைப் பார்த்து உட்காரச் சொல்லிவிட்டு, பதிவுகளை மாற்றி மாற்றி ஒலிக்கவிட்டேன். முதல் பதிவை ஒவ்வொரு தடவையும் சரியாகச் சொன்னார். மந்தமான தொடக்கம், அடியில் நடுக்கம், சீக்கிரம் மங்கும் வால். இரண்டாவதையும் மூன்றாவதையும் அவரால் பிரிக்க முடியவில்லை. பாதிச் சரி, பாதித் தவறு. கண்ணை மூடிக்கொண்டு நாணயம் சுண்டினாலும் அதுதான் கிடைக்கும். நானும் இடம் மாறி உட்கார்ந்தேன். எனக்கும் அதே கதை. ஆறாவது ஃப்ரெட் மூன்று பதிவிலும் ஒரே மாதிரி செத்தது.

எடை இரண்டு மடங்கானதால் காதுக்கு எட்டிய மாற்றம் இல்லை. தகடு மரத்தில் அழுந்தி உட்கார்ந்ததால் எட்டிய மாற்றம் பெரிது. இந்த ஒரு கருவிக்கு இதுதான் விடை. ஒருவேளை வேறொரு கருவியில், வேறொரு மரத்தில், மெலிந்த தகட்டுக்கும் தடித்த வார்ப்புக்கும் கேட்கக்கூடிய வித்தியாசம் இருக்கலாம். ஆனால் பழைய தகட்டைத் தளர்ந்த திருகோடு வைத்துவிட்டு அதோடு புதியதை ஒப்பிடுவது நேர்மையான ஒப்பீடு ஆகாது. கனமான பிரிட்ஜுக்குக் கிடைக்கும் பாராட்டில் ஒரு பகுதி, அதை மாட்டும்போது முதன்முறையாகச் சரியாக இறுக்கப்பட்ட திருகுகளுக்குப் போக வேண்டியது என்பது என் உறுதியான எண்ணம்.

1951-இல் கிட்டார் தயாரிப்பாளர் லியோ ஃபெண்டர் வெளியிட்ட முதல் பிரிசிஷன் பேஸில் நான்கு தந்திகளுக்கு இரண்டே சாடில்கள். ஒரு தந்தியின் சுருதியைச் சரிசெய்தால் ஜோடித் தந்தி விலகும். 1957-இல்தான் தந்திக்கு ஒரு சாடில் வந்தது. வளைத்த இரும்புத் தகடு மட்டும் அப்படியே தொடர்ந்தது. 1960-இல் வந்த ஜாஸ் பேஸிலும் அதே தகடுதான். அமெரிக்காவின் மோடவுன் நிறுவன இசைப்பதிவுகளில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்த 1962 பிரிசிஷன் பேஸ் அந்த வகை. மறுபக்கம், பேஸ் கலைஞர்களான மார்கஸ் மில்லரின் 1977 ஜாஸ் பேஸிலும் கெடி லீயின் 1972 ஜாஸ் பேஸிலும் பேடாஸ் என்ற கனமான பிரிட்ஜ் இருக்கிறது. இந்த மூவரின் ஒலியையும் பிரிட்ஜை வைத்து விளக்க முயல்வது, அவர்களுடைய விரல்களை மறந்துவிட்டுப் பேசுவது.

கனமானதை ஏன் விட்டோம்

ஒலி ஒன்றாக இருந்தால் இருப்பதையே வைத்துக்கொள்ளலாமே என்று தோன்றும். அவருக்கும் தோன்றியது. இரண்டு தடைகள் இருந்தன.

முதல் தடை உயரம். பழைய பிரிட்ஜில், மரத்தின் பரப்பிலிருந்து தந்தியின் அடி வரை ஈ தந்திக்கு 11.5 மி.மீ., ஜி தந்திக்கு 11. அப்போது 12-ஆவது ஃப்ரெட்டில் தந்தி உயரம் ஈ 2.5, ஜி 2. அவர் கைக்குப் பழகிய உயரம் அது. கனமான பிரிட்ஜின் அடித்தட்டு தடிமனானது, சாடில்களும் உயரமானவை. முழுக்க இறக்கிவிட்டாலும் தந்தி 12.5 மி.மீ.-க்குக் கீழே வரவில்லை. சாடிலில் கூடும் உயரத்தில் பாதி, சரிபாதியில் இருக்கும் 12-ஆவது ஃப்ரெட்டில் கூடும். ஈ 3 ஆனது, ஜி 2.75 ஆனது. நீண்ட கச்சேரிக்கு அந்த வித்தியாசம் இடது கையின் கட்டைவிரல் மூட்டில் தெரியும்.

இதற்கு வழி உண்டு. நெக் குழியின் உள்முனையில் அரை மில்லிமீட்டர் தடிமனில் ஷிம் (மெல்லிய அடைதுண்டு) ஒன்று வைத்தால் நெக் பின்னால் சாய்ந்து, சாடில் இருக்க வேண்டிய உயரம் இரண்டு மில்லிமீட்டருக்கு மேலேயே ஏறிவிடும். ஷிம் வைப்பதில் எனக்கு எந்த மறுப்பும் இல்லை. வேண்டிய கருவிக்கு வைத்திருக்கிறேன். ஆனால் இங்கே நெக் கோணத்தில் குறை எதுவும் இல்லை. நன்றாக இருக்கும் ஒன்றை, பொருந்தாத ஒன்றுக்காகத் திருத்த வேண்டியிருந்தது. அந்தத் திருத்தத்துக்கு ஈடாகக் கிடைக்கும் ஒலியையோ நாங்கள் இருவரும் கேட்டுவிட்டோம்.

இரண்டாவது தடை எர்த் வயர். பிரிட்ஜுக்கு அடியில் ஒரு செப்புக் கம்பி மரத்துளையிலிருந்து வெளியே வந்து தகட்டைத் தொடும். அதன் வழியாகத்தான் தந்திகள் எர்த் ஆகின்றன. தந்தியைத் தொட்டதும் ரீங்காரம் அடங்குவது அதனால்தான். கறுப்புப் பூச்சு மின்சாரத்தைக் கடத்தவில்லை. மல்டிமீட்டரின் ஒரு முனையைத் தந்தியிலும் மறுமுனையை ஜாக்கின் உறையிலும் வைத்தேன். மீட்டர் பீப் ஒலி எழுப்பவில்லை. அடியில் நாணய அளவுக்குப் பூச்சைச் சுரண்டினால் தீரும் பிரச்சினைதான். ஆனால் திருப்பிக் கொடுக்க நினைக்கும் பொருளைச் சுரண்டக் கூடாது. பூச்சுப் பூசிய பிரிட்ஜ் வாங்குபவர்கள் இந்த ஒரு சோதனையை மறக்க வேண்டாம். பிரிட்ஜ் மாற்றிய பிறகு “பிக்கப் கெட்டுவிட்டது” என்று கருவியைத் தூக்கிக்கொண்டு வருபவர்களில் பலருக்கு இதுதான் நடந்திருக்கும்.

பழையதை ஏன் வைத்துக்கொள்ளவில்லை

சாடில்களை மட்டும் மாற்றலாமா என்றும் யோசித்தோம். நியாயமான யோசனை, தகடு நன்றாக இருந்தால் நான் அதைத்தான் செய்திருப்பேன். தகட்டைக் கழற்றி ஜன்னல் கண்ணாடித் துண்டின்மேல் வைத்து மூலையில் விரலால் தட்டினேன். டக் டக் என்று ஆடியது. வருடக்கணக்கில் பின்பக்கம் தூக்கி நின்றதில் தகடே வளைந்திருந்தது. அதைச் சுத்தியலால் நிமிர்த்தி முழுக்க மட்டமாக்கலாம் என்று எனக்கு நம்பிக்கை வரவில்லை.

அடுத்து வந்தது, தந்தி உருளையின்மேல் உட்கார்ந்து, உருளையைத் திருகினால் பக்கவாட்டில் நகரும் வகை. இடைவெளி எவ்வளவு வேண்டும் என்று தெரியாத கருவிக்கு அது வரப்பிரசாதம். எங்களுக்கு 57 என்று தெரிந்துவிட்டது. மேலும் அதன் துளைகள் வேறு இடத்தில். பழைய துளைகளில் இரண்டு வெளியே தெரியும். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

கடைசியில் தேர்ந்தெடுத்தது நடுத்தரமானது. 2 மி.மீ. இரும்புத் தகடு, பித்தளைச் சாடில்கள், நிக்கல் பூச்சு. தகட்டில் ஒவ்வொரு சாடிலுக்கும் நீளவாக்கில் ஒரு காடி. உயரத் திருகின் நுனிகள் அந்தக் காடிக்குள் நிற்பதால் சாடில் பக்கவாட்டில் ஒதுங்க வழியில்லை. பழைய பிரிட்ஜில் நடந்தது இதில் நடக்காது. எனக்கு இந்தக் காடிதான் பெரிதாகப் பட்டது. பித்தளையா இரும்பா என்பது இரண்டாம் பட்சம்.

வாங்குவதற்கு முன் ஒத்துப்பார்த்தவை இவை. பழைய பிரிட்ஜின்மேல் காகிதத்தைப் பரப்பி பென்சிலால் தேய்த்து ஐந்து திருகுத் தலைகளின் இடத்தையும் பதிவெடுத்தேன். புதியதன் வரைபடத்தை அதே அளவில் அச்சிட்டு வெளிச்சத்தில் இரண்டையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பிடித்தேன். ஐந்து துளை என்றாலே எல்லாம் ஒன்று என்று நம்பக் கூடாது. தயாரிப்புக்குத் தயாரிப்பு ஓரிரு மில்லிமீட்டர் மாறும். அடுத்து, தந்தி உயரம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பது, இதில் 9.5 முதல் 15 மி.மீ. வரை. விரல்பலகையின் வளைவு 9.5 அங்குலம் என்பதால் நடுவில் உள்ள இரண்டு தந்திகளும் ஓரத் தந்திகளைவிடச் சுமார் 1.5 மி.மீ. உயரமாக நிற்க வேண்டும். அதற்கும் இடம் இருந்தது.

சாடில் முன்னும் பின்னும் போகும் தூரத்தையும் பார்க்க வேண்டும். நட்டிலிருந்து 12-ஆவது ஃப்ரெட் வரை 431.8 மி.மீ. இருந்தது. அதன் இரு மடங்கு 863.6. அந்த இடத்தை விட ஜி சாடில் ஓரிரு மில்லிமீட்டரும், தடித்த ஈ சாடில் ஐந்தாறு மில்லிமீட்டரும் பின்னால் நின்றால்தான் சுருதி சுத்தமாக இருக்கும். புதிய பிரிட்ஜை அதே துளைகளில் வைத்தால் சாடில்கள் அந்த இடத்தை எட்டுமா என்று காகிதப் பதிவிலேயே கணக்குப் போட்டேன். எட்டியது.

அவர் வழவழப்பான ஃப்ளாட்வவுண்ட் தந்தி போடுபவர். அந்தத் தந்திகளின் குண்டு முனைக்குப் பக்கத்தில் சில சென்டிமீட்டருக்கு வண்ண நூல் சுற்றியிருக்கும். தந்தி மாட்டும் துளைக்கும் சாடிலுக்கும் நடுவில் போதிய தூரம் இல்லாவிட்டால் நூல் சுற்றிய பகுதியே சாடிலின்மேல் ஏறிவிடும்; ஒலி மழுங்கும். தம்புராவில் தந்திக்கு அடியில் ஒரு சின்ன நூலை நகர்த்தினாலே நாதம் எப்படி விரிகிறது என்று கேட்டவர்களுக்கு, தந்தி உட்காரும் அந்த ஒரு புள்ளி எவ்வளவு பெரிய விஷயம் என்று சொல்லத் தேவையில்லை. இதில் ஈ தந்திக்கு மட்டும் நூல் சாடிலுக்கு 4 மி.மீ. முன்பாக முடிந்தது. போதும்.

மாட்டியது

எர்த் வயரின் நுனியைச் சுரண்டிப் பளபளப்பாக்கி, விசிறிபோல் விரித்து, தகடு அமுங்கும் இடத்தில் படியவைத்தேன். திருகுகளின் மரையில் கொஞ்சம் மெழுகு தடவினேன். திருகை உள்ளே விடும்போது முதலில் திருப்புளியைப் பின்பக்கமாகச் சுற்றி, மரத்தில் இருக்கும் பழைய மரையில் அது டக்கென்று விழும் சத்தம் கேட்டபிறகே முன்பக்கம் சுற்ற வேண்டும். இல்லாவிட்டால் புதிதாக ஒரு மரையை வெட்டிக்கொண்டு, அடைத்துச் சரிசெய்த துளையை மறுபடி நையவைத்துவிடும். ஐந்தையும் ஒன்றுவிட்டு ஒன்றாக, கொஞ்சம் கொஞ்சமாக இறுக்கினேன். விசிட்டிங் கார்டை நாலு பக்கமும் செருகிப் பார்த்தேன். எங்கும் நுழையவில்லை. மல்டிமீட்டர் பீப் என்றது.

புதிய தந்திகளை மாட்டி, ஒவ்வொரு தந்தியையும் சாடிலுக்கு முன்னால் கட்டைவிரலால் ஒரு அழுத்து அழுத்தி மடிப்பு எடுக்கவைத்து, ஒரு மணிநேரம் காத்திருந்து சுருதி பார்த்தேன். 12-ஆவது ஃப்ரெட்டில் தொட்டும் தொடாமலும் எடுக்கும் ஹார்மோனிக் சுரத்தையும், அதே ஃப்ரெட்டை அழுத்தி எடுக்கும் சுரத்தையும் ட்யூனரில் ஒப்பிட்டு, அழுத்தியது கூடுதலாக ஒலித்தால் சாடிலைப் பின்னால் தள்ளினேன். பக்கவாட்டு இடைவெளி 20-ஆவது ஃப்ரெட்டில் ஈ 6.5, ஜி 5.5 என்று வந்தது. தந்தி உயரம் ஈ 2.4, ஜி 2. ஈ தந்தியை எங்கும் அழுத்தாமல் பலமாக மீட்டினார். நடுக்கம் போயிருந்தது.

கனமான பிரிட்ஜ் பெட்டியோடு திரும்பிப் போயிற்று.

மூன்று மாதம் கழித்து, தந்தி மாற்ற வந்தபோது மறுபடி அளந்தேன். ஜி சாடில் இருந்த இடத்திலேயே இருந்தது. ஐந்து திருகுகளையும் திருப்புளியால் தொட்டுப் பார்த்தேன், எதுவும் தளரவில்லை. ஆறாவது ஃப்ரெட்டைப் பற்றிக் கேட்டேன். “அது அப்படியேதான் இருக்கிறது அண்ணா” என்றார். பிறகு கிட்டாரை மடியில் எடுத்து வைத்து ஒரு பல்லவியை வாசித்துக் காட்டினார். நீண்ட சி ஷார்ப் வரும் இடத்தில் கை ஜி தந்தியை விட்டு டி தந்தியின் 11-ஆவது ஃப்ரெட்டுக்குப் போனது. அதே சுரம், கொஞ்சம் தடித்த குரலில், அடுத்த அடி வரும்வரை நின்று ஒலித்தது.